கோரையாற்றுத் துறை: இயற்கைச் சுற்றுலாவின் வாயிலாக முத்துப்பேட்டை

வந்தவாசி என்னும் பெயரைக் கேட்டவுடன் வரலாறு பயின்றோர்க்கு 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் நினைவுக்கு வரும். ஏனையோர்க்குப் பாய் நினைவுக்கு வரும். ஆரணிக்குப் பட்டு எத்தகையதோ அத்தகையது வந்தவாசிக்குக் கோரைப்பாய். திருமண வீட்டிலும் தொழுமிடத்திலும் நோய்ப் படுக்கையிலும் நம்மோடு இருக்கும் இப்பாயின் பெயர் தமிழில் இன்னொரு பொருளையும் சுமந்து நிற்பதை நம் மாணவர்கள் அறிவர். மரக்கலத்தின் மேல் காற்றை வாங்கி விரிவதும் பாய்தான். (வட ஆர்க்காட்டுப் பகுதியில் அயலார் நம்மை விளிக்கும் ‘பாய்’ வேறு சொல், அது வடக்கிலிருந்து வந்தது. மூன்றையும் ஒன்றாகக் கட்டி வேர்ச்சொல் ஆராய வேண்டா என்று வகுப்பில் எச்சரிப்பது நம் வழக்கம்.)

பாயைத் தரையில் விரிக்கும் ஊரிலிருந்து, பாயைக் காற்றில் விரித்த ஊர் ஒன்றுக்கு, தமிழ்த்துறை மாணவர்களோடு ஒரு தைத் திங்களில் சென்று வந்தோம். அவ்வூர் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை. நெய்தல் திணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிச் சலித்திருந்த நமக்கு, கழியையும் கானலையும் கண்டலையும் ஒரே இடத்தில் காட்டும் ஊர் தேவைப்பட்டது. நம் மாணவர்கள் கடலைக் காணாதவர்கள் அல்லர். மாமல்லபுரம் சென்று வந்தவர்களே பலர். ஆயினும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கண்டவர் அவர்களில் இருவரே. அந்த இருவரும் கூடப் பாலத்தின் மேலே பேருந்திலிருந்து கண்டவர்கள்.

பயணத்தின் நோக்கம் இலக்கியம். திரும்பியபோது நம்மோடு வந்த கேள்வி வேறு. தொலைவில் ஒதுங்கிக் கிடக்கும் ஓர் ஆற்றுத் துறைமுகம், கப்பல் வாணிகம் ஓய்ந்த பின், இயற்கையைக் காண வருவோர்க்கு வாயிலாக மாற முடியுமா? முடியுமெனில், அவ்வாயிலைத் திறந்து வைத்திருப்பது எது? இக்கேள்விக்கு நாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் கொண்டு விடை தேடுவதே இக்கட்டுரை.

துறையும் பேட்டையும்

துறை என்பது நீருக்குள் இறங்கும் இடம். அதுவே படகு கட்டும் இடமாயிற்று, பின்னர்த் துறைமுகமாயிற்று. கற்கும் பொருளின் பகுதிக்கும் துறை என்றே பெயரிட்டோம். இல்லாவிடில் ‘தமிழ்த்துறை’ ஏது? எனவே ஒரு துறையார் இன்னொரு துறையைக் காணச் சென்றதில் பொருத்தம் உண்டு.

கடலை நேராக நோக்கி நிற்கும் ஊர்கள் பலவற்றுக்குப் பட்டினம் என்னும் பெயர் உண்டு. காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், காயல்பட்டினம் என அடுக்கலாம். முத்துப்பேட்டையோ பேட்டையாகவே நின்றுவிட்டது. வெள்ளாற்றின் முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டையும் அப்படியே. இரண்டும் ஆற்றோடு பிணைந்த துறைகள். இதனைக் கொண்டு விதி ஒன்றும் வகுக்க நாம் முன்வரவில்லை. எனினும், கடலிலிருந்து சில கல் தொலைவு உள்ளே, ஆற்றங்கரையில் சரக்கு இறங்கும் சந்தையாகவே முத்துப்பேட்டை வளர்ந்தது என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது எனலாம்.

அந்த ஆற்றின் பெயர் கோரையாறு. நம் மாணவர்கள் அதனைக் கேட்டவுடன் சொந்த ஊர்க்காரரைக் கண்டது போல் மகிழ்ந்தனர்.

பாக்கு நீரிணையைக் கடந்தால் இலங்கை. தஞ்சைத் தரணியின் நெல்லும் அரிசியும் இக்கரையின் சிறு துறைகள் வழியே அங்குச் சென்ற காலம் உண்டு. தோணியும் பாய்மரக்கலமும் ஓட்டியவர்களிலும், சரக்கை விலை பேசியவர்களிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவர்களுள் ஒரு சாரார்க்கு வழங்கும் மரக்காயர் என்னும் பெயரை, மரக்கலம் என்னும் தமிழ்ச்சொல்லோடு இணைப்போரும் உளர். கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடு இணைப்போரும் உளர். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்பெயருக்குள் ஒரு கலம் மிதந்துகொண்டிருக்கிறது. அது போதும்.

முத்துப்பேட்டைக்கு ஒரு காலத்தில் எத்துணை மதிப்பு இருந்தது என்பதற்கு இருப்புப்பாதையே சான்று. தஞ்சை மாவட்டக் கழகம் தன் முயற்சியில் அமைத்த மாயவரம் – முத்துப்பேட்டைப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. மாவட்டக் கழகம் ஒன்று தன் மக்களிடம் திரட்டிய வரிப்பணத்தைக் கொண்டு தொடர்வண்டி விட்டது அந்நாளில் புதுமை. அப்பாதை முதலில் வந்து முடிந்த இடம் இவ்வூர். பின்னரே அது தெற்கே அறந்தாங்கி நோக்கி நீண்டது. அண்மைக் காலத்தில் அகலப்பாதையாக்கும் பணிக்காகச் சில ஆண்டுகள் வண்டியின்றிக் கிடந்த இத்தடத்தில் 2019-இல் மீண்டும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. துறை ஓய்ந்தது ஒரே நாளில் அன்று. நீராவிக் கப்பலுக்கு ஆழ்ந்த துறை வேண்டியிருந்தது. ஆற்றுவாயில் வண்டல் ஏறியது. இரு நாடுகளும் விடுதலை பெற்ற பின் கடவுச்சீட்டும் சுங்கமும் நீரிணையின் நடுவே கோடு கிழித்தன. பாய்கள் சுருட்டப்பட்டன.

வங்கத்து உடன்பிறப்பு

ஓய்ந்துபோன ஆற்றுத் துறைமுகம் காட்டுக்கு வாயிலாவது உலகில் புதிதன்று. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் இக்கிட்டோசு என்னும் ஊருக்கு வெளியூரிலிருந்து செல்லச் சாலையே கிடையாது. அமேசான் ஆற்றின் வழியாகவோ வான்வழியாகவோதான் செல்ல வேண்டும். இரப்பர் வாணிகத்தால் செழித்து, அது வீழ்ந்தபோது வீழ்ந்து, இன்று அமேசான் காட்டைக் காணச் செல்வோர் இறங்கும் துறையாக விளங்குகிறது.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு வங்கத்தில் உள்ளது. கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றங்கரையில் ஆங்கில அரசு ஒரு துறைமுகத்தை எழுப்பக் கருதியபோது, ஹென்றி பிடிங்டன் என்பார் 1853-இலேயே எச்சரித்தார். புயலுக்குச் ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டவர் அவர்தாம். ஒரு நாள் புயலலை அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்றார். அவர் சொல் ஏறவில்லை. கேனிங் துறைமுகம் எழுந்தது. 1863-இல் தொடர்வண்டியும் வந்தது. 1867-இல் புயல் வந்தது. 1872-இல் துறைமுகம் கைவிடப்பட்டது. ஆனால் தண்டவாளம் மட்டும் எஞ்சியது. இன்று சுந்தரவனத்துக்குச் செல்லும் பயணிகள் அந்தத் தண்டவாளத்தின் வழியே கேனிங்கில் வந்து இறங்குகின்றனர். அவ்வூருக்குச் ‘சுந்தரவனத்தின் வாயில்’ என்றே பெயர்.

துறை, தண்டவாளம், புயல், அலைக்காடு என்னும் நான்கும் முத்துப்பேட்டைக்கும் உண்டு. புலி மட்டும் இல்லை. அதனால்தான் பெயர் பரவவில்லை போலும்.

அலையை ஆற்றும் காடு

காவிரிப் படுகையின் தென்கோடியில், முத்துப்பேட்டை தொடங்கி மேற்கே தஞ்சை மாவட்டத்துக் கரை வரை, ஏறத்தாழ 12,000 ஹெக்டேர்ப் பரப்பில் காப்புக்காடு விரிந்துள்ளது. இப்பரப்பு முழுவதும் மரங்கள் என்று கருதிவிடலாகாது. காயலும், சேற்றுநிலமும், உப்பு பூத்த வெறுநிலமும் இதில் பெரும்பங்கு. எஞ்சியதே காடு. இதனை இவ்வட்டாரத்தார் அலையாத்திக்காடு என்பர். அலை ஆற்றி என்பதே அலையாத்தி எனத் திரிந்தது என்று கூறப்படுகிறது. சூடான பாலை ஆற்றுவது போல் அலையின் வேகத்தை ஆற்றும் மரம்! இதைவிடச் சிறந்த பெயரை எந்த அறிவியலாரும் சூட்டியிருக்க இயலாது.

சங்கப் பாடல்கள் கண்டல் என்றும், முண்டகம் என்றும், தில்லை என்றும் கூறும் செடிகொடிகளின் உறவினர் இங்கே நிற்கின்றனர். இக்காட்டின் மரங்களுள் மிகப் பெரும்பான்மை வெண்கண்டல் என்னும் ஒரே இனம். தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கடுந்துன்பம் தரும் என்பதால் படகோட்டிகள் அதனை ஒடிக்க விடுவதில்லை. கழுதைமுள்ளி கரையோரம் மண்டிக் கிடக்கிறது. உமரி தரையோடு சிவந்து படர்கிறது.

வெண்கண்டல் உப்புநீரில் வாழக் கற்ற முறை வியப்புக்குரியது. சேற்றில் காற்று புகாது. எனவே அதன் வேர்கள் நிலத்தைக் கிழித்துக்கொண்டு விரல் விரலாக மேலே எழுந்து மூச்சு விடுகின்றன. இம்மூச்சுவேர்கள் மரத்தைச் சுற்றிப் பல அடி தொலைவுக்கு ஆணிகளை நட்டது போல் நிற்கின்றன. வேரின் வழியே ஏறிய உப்பின் ஒரு பகுதியை இலை வெளியே தள்ளிவிடுகிறது. இலையை நாவில் வைத்துப் பார்க்குமாறு படகோட்டி சொன்னார். மாணவர் அனைவரும் நக்கிப் பார்த்து முகம் சுளித்தனர். ஒரு பருவம் முழுதும் நாம் பேசியும் புரியாத ஒன்று ஒரு நொடியில் நாவில் கரித்தது.

காட்டைக் கடந்தால் காயல். ஆழம் குறைந்த, அகன்ற நீர்ப்பரப்பு. இவ்வூரார் இதனை ‘லகூன்’ என்றே வழங்குகின்றனர். கழி, காயல், உப்பங்கழி என மூன்று நல்ல சொற்கள் தமிழில் இருக்க, ஆங்கிலச் சொல் படகோட்டியின் வாயில் குடியேறியிருப்பது நமக்குச் சிறிது வருத்தம் தந்தது. ஆனால் அவர் மீன்களின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் வருத்தம் பறந்தது. மடவை, கொடுவா என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. நம் மாணவி ஒருவர் எழுதிக்கொண்டே வந்து, ஏட்டில் இடமின்றித் திணறினார்.

பருவமழைக்குப் பின் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்குத் தங்குகின்றன. பூநாரை, கூழைக்கடா, நாரை இனங்கள், வாத்து இனங்கள் எனப் பலவகை. இக்காட்டில் நரியும் நீர்நாயும் வாழ்கின்றன. நாம் நரியின் அடிச்சுவட்டை மட்டும் சேற்றில் கண்டோம். நீர்நாய் நமக்குக் காட்சி தரவில்லை. இக்காடு உள்ளிட்ட கோடிக்கரைப் பகுதி ஈரநிலங்கள் 2002-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இரானில் உள்ள ராம்சார் நகரில் 1971-இல் உருவான உடன்படிக்கையின் பெயரால் அமைந்த உலகப் பட்டியல் அது. மேற்கே, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் அவ்வுயிர்க்கு இந்தியாவில் அமைந்த முதற்காப்பகம் அதுவே.

வெட்டியதும் வாய்க்கால் வெட்டியதும்

இக்காட்டின் வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் வழிப்போக்கர்க்கு உணவளிக்க அமைந்த சத்திரங்களோடு இக்காடு பிணைக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சத்திரத் துறையின் ஆட்சியில் இருந்த காடு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படிப்படியாக வனத்துறையின் கைக்கு வந்தது. பின்னர்ப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை அடியோடு வெட்டி விற்கும் முறை பல பத்தாண்டுகள் நடந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைக்கும் என்று கருதினர். மற்றக் காடுகளில் அது நடக்கலாம். இங்கு நடக்கவில்லை.

காரணம் எளிது; ஆனால் கண்டறியப் பல காலம் ஆயிற்று. மரநிழல் போனவுடன் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியாயிற்று, மண் சுருங்கித் தாழ்ந்தது, வெட்டிய இடம் தட்டுப் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உட்புகுந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் காய்ந்து உப்பு மிகுந்தது. உப்பிலே வாழும் வெண்கண்டலாலும் தாங்க முடியாத உப்பு அது. பாக்கு நீரிணையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே குழிந்த இடத்தை அலை தானே கழுவிச் செல்வதும் நடவாது.

இதற்குத் தீர்வு வாய்க்கால். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருமருங்கும் சாய்வாகச் சிறு கிளைவாய்க்கால்கள் என மீனின் முள்ளைப் போல் வெட்டினால், நீர் உள்ளே வந்து வெளியே செல்லும்; உப்புக் குறையும்; நட்ட விதை நிலைக்கும். 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு இம்முறையில் காட்டை மீட்கத் தொடங்கின. வெறுநிலம் பச்சையாயிற்று.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது வேறொன்று. இப்பகுதி மீனவர்கள் பல தலைமுறைகளாகவே காட்டினூடே வாய்க்கால் வெட்டி, நீரேற்றத்தில் உட்புகும் மீனை வற்றத்தில் பிடித்து வந்தனர். அவ்வாய்க்கால்களின் கரையில் மரம் செழித்திருந்தது. அதாவது, அறிவியலார் கண்ட தீர்வின் ஒரு பாதி ஏற்கெனவே மீனவரின் மண்வெட்டியில் இருந்தது. கற்றோர் அதனைக் காணச் சிறிது காலம் பிடித்தது.

இறால் பண்ணைகளின் கதையையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1990-களின் தொடக்கத்தில் தஞ்சை, நாகைக் கரையோரம் நெல்வயல்கள் இறால் குட்டைகளாயின, குடிநீர் உப்பாயிற்று. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணை கூடாது என 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன் பின்னரும் குட்டைகள் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது முத்துப்பேட்டைப் பகுதியின் இழப்பு நாகையோடு ஒப்பிட மிகக் குறைவு. காடு காத்தது என்று மக்கள் கூறுகின்றனர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் இலங்கைத் தீவு இக்கரைக்கு மறைப்பாக நின்றதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கரை கடந்த கஜா புயலின்போதோ மறைக்க எதுவும் இல்லை. இலையெல்லாம் உதிர்ந்து, கிளையெல்லாம் முறிந்து, காடு சுட்டெரித்தது போல் நின்றது என்று படகோட்டி சொன்னார். பக்கத்துத் தென்னந்தோப்புகள் வீழ்ந்து கிடந்தன. வீழ்ந்த தென்னை எழாது. அலையாத்திகளில் முறிந்தவை பலவும் மீண்டும் துளிர்த்தன என்றார்.

ஜாம்புவானோடையில் ஒரு காலை

இப்போது பயணம். ஊரிலிருந்து சிறிது தொலைவில் ஜாம்புவானோடை உள்ளது. அங்குதான் ஹக்கீம் ஷெய்கு தாவூது காமில் ஒலியுல்லாஹ் அவர்களின் தர்கா அமைந்துள்ளது. கந்தூரிக் காலத்தில் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். அவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருப்பர். நோயுற்றோரை அழைத்து வந்து பல நாள் தங்குவோரும் உண்டு. தர்கா வழிபாடு பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். அது இங்கு நம் பொருளன்று. நாம் கூறவருவது இதுவே: சுற்றுலா என்னும் சொல் இவ்வூருக்கு வருமுன்பே, முன்பின் அறியாதவர்க்கு இடமும் உணவும் தந்து பழகிய ஊர் இது. துறைமுகமும் தர்காவும் அதனைக் கற்றுத் தந்தன. தேநீர்க் கடையில் இருந்த முதியவரை நம் மாணவர்கள் வடாற்காட்டு வழக்கப்படி “பாய்” என்று விளித்தபோது, அவர் சிரித்துக்கொண்டே, “இங்கே காக்கான்னு கூப்பிடணும் தம்பி” என்று திருத்தினார். மூத்தோரைக் ‘காக்கா’ என்பது கடற்கரை முஸ்லிம்களின் வழக்கு. காசு வாங்க மறுத்தார். இரண்டாம் முறை சென்றபோது வாங்கிக்கொண்டார், அதுவும் முறைதான்.

ஜாம்புவானோடைப் படகுத்துறையில் வனத்துறையின் இசைவு பெற்றுப் படகேற வேண்டும். கோரையாற்றின் வழியே சென்று காயலை அடையச் சற்றொப்ப ஒரு மணி நேரம் ஆகும். இருபுறமும் அலையாத்தி. காட்டுக்குள் மரப்பலகையால் நடைபாதை அமைத்துள்ளனர். மூச்சுவேரை மிதிக்காமல் நடந்து காண அதுவே வழி. கார்த்திகை முதல் மாசி வரை சென்றால் பறவைகளையும் காணலாம், வெயிலும் தாங்கும். குடிநீரும் உணவும் ஊரிலேயே வாங்கிச் செல்ல வேண்டும். காட்டில் எதுவும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

படகில் அமர நாம் வந்தவாசிப் பாய் ஒன்றைக் கொண்டு சென்றிருந்தோம். படகோட்டி அதனைத் தடவிப் பார்த்தார். மீனவரான அவர் வயதில் அறுபதைக் கடந்தவர். தந்தையும் பாட்டனும் இதே கழியில் மீன் பிடித்தவர்கள். கடலைப் பற்றியே பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மேற்கே கை நீட்டி ஆற்றைப் பற்றியே பேசினார். “மேலேயிருந்து நல்ல தண்ணி வந்தாத்தான் சார் இங்கே மீனு. அங்கே தண்ணியை அடைச்சா இங்கே மரம் காயும். இது எங்க கையிலே இல்லே.”

அவர் கூறியதற்கு நிலவியல் சான்று உண்டு. கல்லணையில் காவிரியினின்று பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. பின்னிரண்டும் வயல்களுக்கு நீர் வார்த்து, எஞ்சியதை இக்காயலுக்குக் கொண்டு வருகின்றன. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது; அதற்கு மேலும் அணைகள் எழுந்தன. வயலுக்கு நீர் போதாதபோது காட்டுக்கு ஏது? மழைக்காலத்தில் காயல் நன்னீராகிறது. கோடையில் கடலைவிட உப்பாகிறது. நன்னீர் வரும் திங்கள்கள் குறையக் குறைய, பல இன மரங்கள் ஒதுங்கி, உப்பை மிகத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் எஞ்சுகிறது. ஆறு கொணரும் வண்டலும் குறைகிறது. ஆற்றுவாயைத் திறந்து வைக்கும் வெள்ளமும் குறைகிறது. எந்த ஆறு துறையைத் தந்ததோ, அதே ஆறுதான் காட்டையும் தந்தது. துறை ஓய்ந்தபோது ஊர் நகரப் பேருந்துக்கு மாறிக்கொண்டது. காடு எதற்கு மாறும்?

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு நாம் காணும் விடை இது. முத்துப்பேட்டை இயற்கைச் சுற்றுலாவின் வாயிலாக முடியும். ஓரளவு ஆகியும் விட்டது. ஆனால் அவ்வாயிலின் திறவுகோல் படகுத்துறையில் இல்லை. அது கல்லணையிலும் மூணாறு தலைப்பிலும் இருக்கிறது. விடுதி கட்டுவதும் விளம்பரம் செய்வதும் எளிது. கோடைக்கு முன் ஒரு முறை காயலுக்கென்று நன்னீர் விடுவது எளிதன்று; வயலும் அதே நீரைக் கேட்கிறது, கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. எனினும் பாசனக் கணக்கு எழுதும்போது காட்டின் பெயரில் ஒரு வரியேனும் எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

இரண்டாவது, வருவோர் பற்றியது. விசைப்படகின் ஒலி பறவையை எழுப்புகிறது; அதன் அலை கரைச்சேற்றை அறுக்கிறது. துடுப்பாலும் தாங்குகோலாலும் செலுத்தும் சிறுபடகை உட்காயலில் வழக்கமாக்கலாம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகுகள் ஓடுகின்றன அல்லவா? நேரம் கூடும்; கூடட்டும். நெகிழிப் பைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மூச்சுவேரில் சிக்கிய பை ஒன்றை நம் மாணவர் ஒருவர் எடுக்க முயன்று, சேற்றில் முழங்கால் வரை புதைந்தார். அவரை மீட்க இருவர் வேண்டியிருந்தது.

மூன்றாவது, வழிகாட்டுவோர் பற்றியது. வாய்க்கால் வெட்டியவரும் வலை விரித்தவருமே வழிகாட்டியாதல் வேண்டும். வெளியூர் முகவர் ஒருவர் வந்து விலை பேசி, மீனவர் அவரிடம் கூலிக்குப் படகோட்டும் நிலை வருமாயின், மேலே சொன்ன அறிவெல்லாம் ஒரு தலைமுறையில் ஓய்ந்துவிடும். பெண்களும் இங்குக் கழியில் இறங்கி மீனும் நண்டும் பிடிக்கின்றனர். அவர்கள் அறிந்தவற்றை எவரும் கேட்டு எழுதியதாக நமக்குப் பேசக் கிடைத்த முதியோர் கூறவில்லை.

இங்குத்தான் தமிழ்த்துறைக்கு வேலை இருக்கிறது. காட்டை அளக்க வனத்துறை உண்டு. நீரை அளக்கப் பொதுப்பணியாளர் உண்டு. சொல்லை அளப்பவர் யார்? காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், படகின் உறுப்புப் பெயர், பறவையின் பெயர், சேற்றின் வகைப் பெயர் ஆகியவற்றை அம்முதியோரிடம் கேட்டுத் தொகுத்தால், அது ஆய்வேட்டுக்கும் ஆகும். வருவோர்க்குக் கையேடாகவும் ஆகும். நம் மாணவி எழுதி வந்த பட்டியலில் அறுபத்து மூன்று பெயர்கள் உள்ளன. அவற்றுள் பதினேழு, நாம் பார்த்த அகராதிகளில் இல்லை. இளநிலை இரண்டாமாண்டு மாணவர்கள் அடுத்த தை விடுமுறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு மீண்டும் செல்கின்றனர். பெற்றோர்கள், குறிப்பாக மாணவியரின் பெற்றோர்கள், இசைவு தந்து அனுப்ப வேண்டுகிறோம்.

மாலையில் படகுத்துறையில் இறங்கியபோது, பாயைப் படகோட்டியிடமே விட்டு வந்தோம். பலகையின் மேல் விரித்துக்கொள்வதாகச் சொல்லி, உப்புநீர் பட்டால் இக்கோரை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். பாய் நெய்யும் ஊரிலிருந்து சென்ற பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.